மட்குக் குழிக்குப் பின்னால் ஒரு மனிதர்

மாடித்தோட்டப் பைக்கு மண் கலவை தயாரிக்கும்போது என்ன செய்கிறீர்கள்? செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு. பெரும்பாலும் இதுதான் கணக்கு. செம்மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குகிறோம். நார்க் கழிவை அலசிப் போடுகிறோம். மட்கிய உரம் என்று எழுதிய மூட்டையை மட்டும் அப்படியே பிரித்துக் கொட்டிவிடுகிறோம்.

வயலில் அரைகுறையாக மட்கிய உரத்தைப் போட்டால் ஓரளவு தப்பிக்கலாம். உழவும் மழையும் அதைப் பரப்பிவிடும். வேரும் வேறு பக்கம் போய்த் தேடிக்கொள்ளும். பையில் வைத்த கத்தரிக்கு அந்த வாய்ப்பு இல்லை. 12 அங்குல ஆழம்தான் அதன் உலகம்.

குப்பை எப்போது உரமாகிறது என்பதை அளந்து, எந்த விவசாயியும் செய்யக்கூடிய ஒரு முறையாக எழுதித் தந்தவர் ஆல்பர்ட் ஹோவர்ட். இயற்கை வேளாண்மையின் முன்னோடிகளில் ஒருவர் என்று அவரைச் சொல்கிறோம். அந்த முறைக்கு இன்றும் இந்தூர் முறை என்றுதான் பெயர். அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் உங்கள் பையில் என்ன போட வேண்டும், ஏன் போட வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

நிலம் இல்லாத விஞ்ஞானி

1873 டிசம்பரில் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் ஹோவர்ட். லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார். 1899-இல் மேற்கிந்தியத் தீவுகளில் பார்படாஸுக்குப் பூஞ்சண நோய் ஆய்வாளராகப் போனார். கரும்பு, கொக்கோ பயிர்களின் நோய்களைப் பார்ப்பது வேலை. நுண்ணோக்கி இருந்தது. ஆனால் சொந்தமாகப் பயிர் வைத்துப் பார்க்க ஒரு துண்டு நிலம் இல்லை. விவசாயிக்குச் சொல்லும் யோசனையைத் தானே முதலில் செய்து பார்க்க முடியவில்லையே என்ற குறை அங்கேயே அவருக்குள் விழுந்துவிட்டது.

1903-இல் இங்கிலாந்து திரும்பி, வை என்ற ஊரின் வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவர் கையில் வந்த பயிர் ஹாப்ஸ். பீருக்குக் கசப்புச் சுவை தரும் கொடி இது. கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. கஞ்சாவைப் போலவே இதிலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. விதை பிடிக்கக் கூடாது என்பதற்காக அங்கிருந்த விவசாயிகள் ஆண் கொடிகளை அழித்துவந்தார்கள். மகரந்தம் கிடைத்த பெண் கொடிகளின் காய்க்கொத்து வேகமாக வளர்கிறது, நோயையும் நன்றாகத் தாங்குகிறது என்று ஹோவர்ட் கண்டறிந்தார். செடியின் இயல்பான வளர்ச்சியைத் தடுத்துவிட்டு அதற்கு நோய் வருகிறதே என்று கவலைப்படுவதில் பொருளில்லை என்ற எண்ணம் அவருக்கு இங்கேதான் தோன்றியது.

பூசாவில் கிடைத்த ஆசிரியர்கள்

1905-இல் பீகாரின் பூசாவில் புதிதாகத் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பொருளாதாரத் தாவரவியலாளராக வந்தார். அதே ஆண்டு கேப்ரியல் மத்தாயை மணந்தார். கேப்ரியல் சாதாரணமானவர் இல்லை. இலையின் ஒளிச்சேர்க்கைக்கும் வெப்பநிலைக்கும் உள்ள தொடர்பைக் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்து பெயர் பெற்றவர். பூசாவில் முதல் சில ஆண்டுகள் உரிய பதவி இல்லாமலே கணவரோடு சேர்ந்து உழைத்தார். 1910-க்குப் பிறகுதான் அவருக்கு அரசுப் பணி கிடைத்தது. பூசா 4, பூசா 12 போன்ற கோதுமை ரகங்கள் இருவரின் கூட்டு உழைப்பில் வந்தவை.

பூசாவில் ஹோவர்டுக்கு 75 ஏக்கர் நிலம் கிடைத்தது. பார்படாஸில் கிடைக்காதது இங்கே கிடைத்தது. சுற்றியிருந்த கிராமங்களின் வயல்களைக் கவனித்தார். பூச்சிமருந்தும் ரசாயன உரமும் இல்லாமலே அந்த வயல்களில் பயிர் பெரிய சேதமின்றி விளைந்தது. அந்த விவசாயிகளைத் தன் ஆசிரியர்களாக ஏற்றுக்கொண்டார். பூச்சியையும் நோயையும் இன்னொரு வகை ஆசிரியர்களாகப் பார்த்தார். எந்த ரகம் அந்த மண்ணுக்குப் பொருந்தவில்லை, எந்த வேலை தவறாகச் செய்யப்பட்டது என்று அவை சுட்டிக்காட்டுகின்றன என்பது அவர் கணிப்பு.

வேருக்கும் மூச்சு வேண்டும்

மாடித்தோட்டக்காரர்கள் கட்டாயம் அறிய வேண்டிய பகுதி இது. ஹோவர்ட் தம்பதி மண்ணைத் தண்ணீரால் கழுவி, வேரை வெளியே எடுத்துப் பார்த்தார்கள். எந்த மாதத்தில் எந்த ஆழத்தில் வேர் உயிரோடு இருக்கிறது என்று குறித்தார்கள். பீகாரில் ஜாவா அவுரி வாடிச் செத்தபோது பலரும் ஏதோ ஒரு கிருமியைத் தேடினார்கள். இவர்கள் வேரைப் பார்த்தார்கள். மழைக்காலத்தில் மண் இறுகிக் காற்று நின்றுபோனதால் வேர் அழிந்ததே வாடலுக்குக் காரணம் என்று கண்டார்கள்.

பீகாரின் வண்டல் நிலத்தில் உடைந்த மண்பாண்டத் துண்டுகளை மண்ணோடு கலப்பதால் காற்றோட்டம் கூடி மகசூல் உயர்வதையும் அவர்கள் பதிவு செய்தார்கள். நாம் ஓட்டாஞ்சில்லு என்கிறோமே, அதேதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அங்கே ஓட்டாஞ்சில்லு மண்ணோடு கலந்திருந்தது. நாமோ தொட்டியின் அடியில் அதை ஒரு அடுக்காகப் பரப்பிவிட்டு, வடிகால் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிறோம். பொடி மண்ணில் இருக்கும் ஈரம் அடியிலுள்ள பெரிய இடுக்குகளுக்குள் எளிதில் இறங்காது. மேலே இருக்கும் மண் முழுக்க நனைந்து நிறைந்த பிறகுதான் சொட்டத் தொடங்கும். அதனால் அடியில் கல் அடுக்கினால் வேருக்கான ஆழம் குறைகிறதே தவிர, மண்ணின் காற்றோட்டம் கூடுவதில்லை. துளை அடைபடாமல் இருக்க அதன்மேல் ஒரு சில்லு வைத்தால் போதும். பருமணலையோ நார்க் கழிவையோ கலவை முழுவதும் கலந்துவிடுங்கள்.

இதே காரணத்தால் ஆழம் குறைந்த தட்டில் கலவை எப்போதும் சொதசொதவென்று இருக்கும். கீரைக்கு 6 முதல் 8 அங்குல ஆழம் போதும். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு 12 அங்குலத்துக்குக் குறையாமல் கொடுங்கள். கொடிக் காய்கறிகளுக்கு இன்னும் பெரிய பை நல்லது. கோடையில் சிறிய பை சீக்கிரம் சூடாகி, சீக்கிரம் காய்ந்தும் போகும்.

இந்தூரில் பிறந்த முறை

பூசாவில் ஹோவர்டுக்கு ஒரு மனக்குறை இருந்தது. தாவரவியல், வேதியியல், பூச்சியியல் என்று துறைகள் தனித்தனியாகப் பிரிந்து கிடந்தன. ஒரு பயிரை முழுமையாக, அது நிற்கும் மண்ணோடு சேர்த்துப் பார்க்க வழியில்லை. எனவே பருத்தி வளர்ச்சிக்கான குழுவிடமும் மத்திய இந்திய சமஸ்தானங்களிடமும் நிதி திரட்டினார். இந்தூர் ஹோல்கர் அரசு 300 ஏக்கர் நிலம் கொடுத்தது. 1924-இல் அங்கே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்.

சீனாவில் கழிவை மண்ணுக்கே திருப்பித் தரும் பழக்கத்தைப் பற்றி அமெரிக்க மண்ணியலாளர் கிங் எழுதியதை ஹோவர்ட் படித்திருந்தார். இந்திய விவசாயியிடம் சாணம் இருந்தது, ஆனால் அதில் பெரும்பகுதி வறட்டியாக அடுப்புக்குப் போனது. பருத்தி மார், களை, சருகு எல்லாம் வீணாகின. இவற்றை ஒன்றுசேர்க்கும் முறையை யஷ்வந்த் வாட் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து வகுத்தார்.

குழியின் நீளம் 30 அடி, அகலம் 14 அடி, ஆழம் 2 அடி மட்டுமே. அதற்கு மேல் ஆழமானால் அடியில் காற்று போகாது. பருத்தி மார் போன்ற கட்டைகளைப் பாதையில் பரப்பி, வண்டிச் சக்கரம் ஏறி நொறுங்கிய பிறகே குழிக்குக் கொண்டுவந்தார்கள். தாவரக் கழிவு ஓர் அடுக்கு, அதன்மேல் சாணக் கரைசல், மாட்டுக் கோமியம் ஊறிய மண், விறகுச் சாம்பல், தண்ணீர் என்று அடுக்கினார்கள். கடப்பாரையால் குத்திக் காற்றுத் துளை விட்டார்கள். குவியல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியது. சுமார் இரண்டு வாரத்தில் ஒருமுறை, ஒரு மாதத்தில் ஒருமுறை, இரண்டு மாதத்தில் ஒருமுறை புரட்டினார்கள். மூன்று மாதத்தில் உரம் தயாரானது.

இதன் உயிர்நாடி ஒரு விகிதம். தொடக்கத்தில் 33 பங்கு கரிமத்துக்கு 1 பங்கு தழைச்சத்து இருக்கும்படி கலந்தார்கள். மட்கி முடியும்போது அது 10-க்கு 1 என்ற அளவை நெருங்கியது. மட்காத குப்பையில் கரிமம் மிகுதி. அதைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும். அதை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். பையில் வைத்த நாற்று, உரம் போட்ட பிறகும் மஞ்சளாகி நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பாராட்டும் பகையும்

1930-இல் கேப்ரியல் காலமானார். 25 ஆண்டுகள் ஒவ்வொரு ஆய்விலும் உடனிருந்தவரை இழந்த ஹோவர்ட், அடுத்த ஆண்டு இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். 1931-இல் இந்தூர் முறையை விளக்கும் நூல் வாட் உடன் சேர்ந்து வெளிவந்தது. கேப்ரியலின் தங்கை லூயிஸை அவர் மணந்ததும் அதே ஆண்டில்தான். 1934-இல் சர் பட்டம் கிடைத்தது. கென்யாவின் காபித் தோட்டங்களும் வங்காளத்தின் டூவார்ஸ் பகுதித் தேயிலைத் தோட்டங்களும் இந்தூர் முறையைக் கையில் எடுத்தன. 1940-இல் வந்த அவருடைய வேளாண் சாசன நூல் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதைக் கேப்ரியலின் நினைவுக்கே காணிக்கையாக்கினார். அமெரிக்காவில் ரோடேல் தொடங்கிய இயற்கை வேளாண் இதழுக்கும் இங்கிலாந்தில் ஈவ் பால்ஃபோரின் முயற்சிகளுக்கும் ஹோவர்ட் ஊக்கமாக இருந்தார்.

எதிர்ப்பும் இருந்தது. நல்ல மட்கு கிடைத்த மண்ணில் விளையும் பயிருக்கும், அதைத் தின்னும் கால்நடைக்கும் நோய் அண்டாது என்று அவர் உறுதியாகச் சொன்னார். பூசாவில் தன் உழவு மாடுகள் கோமாரி கண்ட பக்கத்து மாடுகளோடு மூக்கை உரசியும் நோய் வாங்கவில்லை என்பது அவர் காட்டிய சான்று. வியப்பான செய்திதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மந்தை இல்லாத கவனிப்பை முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. வளமான மண் பயிரைத் திடப்படுத்தும். எல்லா நோயையும் அது தடுத்துவிடாது. வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ், நல்ல மண்ணில் நிற்கும் வெண்டையையும் தாக்கும். உங்கள் மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசி போடுவதையும் இந்தக் கதையை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

ஹோவர்ட் 1947 அக்டோபரில் லண்டனில் காலமானார். அவருடைய மிகையான நம்பிக்கை சிலவற்றை அறிவியல் ஏற்கவில்லை. மண்ணில் எடுத்ததை மண்ணுக்கே திருப்ப வேண்டும், மண்ணுக்குள் காற்று போக வேண்டும், உரம் முழுதாக மட்க வேண்டும் என்ற மூன்றும் அப்படியே நிற்கின்றன.

மூட்டையைப் பிரிக்கும் முன்

அடுத்த முறை மட்கு வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். மழை விழுந்த மண் வாசனை வர வேண்டும். சாண நாற்றமோ புளித்த வாடையோ வந்தால் இன்னும் மட்கவில்லை. மூட்டைக்குள் கையை விட்டால் சூடு தெரியக் கூடாது. இலையா, வைக்கோலா, நாரா என்று அடையாளம் தெரிந்தாலும் பொறுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு பிடியை ஈரமாக்கி பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறந்ததும் நாறினால் அதைத் தொட்டிக்குள் போடாதீர்கள். நிழலில் குவித்து, ஈரம் காத்து, மாதம் ஒருமுறை புரட்டிவிடுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மட்கு வேண்டாம். அது தொடர்ந்து மட்கிச் சுருங்கும், பையின் மட்டமும் இறங்கும். ஒவ்வொரு பட்டம் முடிந்ததும் இறங்கிய அளவுக்கு முழுதாக மட்கிய உரத்தை மேலே சேர்த்தால் அடுத்த விதைப்புக்குப் பை தயார்.