கட்டங்களில் வானத்தை அளந்தவர்

இன்றைய காலநிலை மாதிரிகள் பலவும் வளிமண்டலத்தையும் பெருங்கடலையும் சிறு சிறு கட்டங்களாகப் பகுத்தே கணக்கிடுகின்றன. கணினி தோன்றும் முன்னரே, தாளும் எழுதுகோலும் கொண்டு இவ்வழியை வகுத்தவர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன்.

இவர் 1881ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்தார். போரை அறவே ஏற்காத குவேக்கர் நெறியில் வளர்ந்தார். கேம்பிரிட்ஜில் பயின்ற இவர், 1913இல் ஸ்காட்லாந்திலுள்ள எஸ்க்டேல்முயர் ஆய்வகத்தின் கண்காணிப்பாளரானார். காற்றின் இயக்கத்தை விளக்கும் சமன்பாடுகளுக்கு நேரடித் தீர்வு காண்பது அரிது. எனவே நிலப்பரப்பை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகவும், வளிமண்டலத்தை ஐந்து அடுக்குகளாகவும் பிரித்து, கட்டந்தோறும் மாற்றத்தைக் கணக்கிட முற்பட்டார்.

முதல் உலகப்போர் மூண்டபோது படைக்கலம் ஏந்த மறுத்த ரிச்சர்ட்சன், 1916இல் பிரான்சு நாட்டுப் போர்முனையில் காயமுற்றோரை ஏற்றிச்செல்லும் ஊர்தி ஓட்டுநராகத் தொண்டாற்றினார். ஓய்வுநேரத்தில், 1910 மே 20ஆம் நாளின் வானிலையைக் கையால் கணித்தார். ஆறு மணிநேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என விடை வந்தது; உண்மையிலோ அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவேயில்லை. 1917இல் போர்க்குழப்பத்தில் தொலைந்த கையெழுத்துப்படி, சில மாதங்களுக்குப்பின் பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலின் அடியிலிருந்து மீட்கப்பட்டது.

அத்தோல்வியை மறைக்காமல் 1922இல் நூலாக வெளியிட்டார். உலக வானிலையை உடனுக்குடன் கணிக்க 64,000 கணக்கர்கள் கூடி உழைக்கும் மாபெரும் மன்றத்தையும் அதில் கற்பனை செய்தார். தொடக்கத் தரவுகளில் காற்றும் அழுத்தமும் ஒத்திசையாமையே பிழைக்குக் காரணம் என்பது பின்னர்ப் புலனாயிற்று, வழிமுறை நிலைத்தது.

1920இல் வானிலைத்துறை விமானப்படை அமைச்சகத்தின்கீழ் வந்ததும், மனச்சான்றின்படி பதவி துறந்தார். பிற்காலத்தில் போரின் காரணங்களை எண்களால் ஆராய்ந்தபோது, ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளின் பொது எல்லைக்கு 987 கிலோமீட்டர், 1214 கிலோமீட்டர் என இருவேறு நீளங்கள் தரப்பட்டிருக்கக் கண்டார். அளவுகோல் சிறுக்கச் சிறுக்க, முன்பு விடுபட்ட வளைவுகளும் சேர்ந்து எல்லை நீள்கிறது என்று விளக்கினார்.

1950இல் எனியாக் கணினி முதன்முதலாக வானிலையைக் கணித்த செய்தியறிந்து மகிழ்ந்த ரிச்சர்ட்சன், 1953இல் மறைந்தார். 1969இல் மனாபேயும் பிரையனும் கடலையும் வளிமண்டலத்தையும் இணைத்த மாதிரியை வெளியிட்டனர். அளவுகோல் காட்டிய உண்மை அங்கும் பொருந்துகிறது. வளிமண்டலத் தாழ்வழுத்தங்கள் ஆயிரம் கிலோமீட்டர் அளவில் பரந்தவை. வெப்பத்தைச் சுமக்கும் கடற்சுழல்களோ சில பத்துக் கிலோமீட்டர் முதல் நூறு கிலோமீட்டர் வரையே அகன்றவை. 100 கிலோமீட்டர் கட்டம் முன்னவற்றைக் காட்டும், பின்னவற்றை நழுவவிடும். நழுவியதைத் தோராயமான சூத்திரங்களால் ஈடுசெய்ய வேண்டும். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். கணக்கிடும் கால இடைவெளியும் பாதியாவதால் உழைப்பு எட்டு மடங்காகும்.

எவ்வளவு நுண்மையாக அளக்கிறோமோ, அவ்வளவே இயற்கை நமக்குப் புலப்படும். இதனை உணர்த்திய அவ்வறிஞர், தம் அறிவு அழிவுக்குத் துணைபோகாதவாறு காத்ததாலும் நினைவுகூரத்தக்கவர்.