மனத்தைப் பயிற்றுவித்த மாண்டிசோரி அம்மையார்

கணக்கும் அறிவியலும் கற்றுத் தேர்ந்தவர் பலர். ஆனால் பொங்கிவரும் கோபத்தை அடக்கவும், பிறர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருக்கவும், வாடிய தோழியின் முகக்குறிப்பை அறியவும் நாம் எங்கே கற்கிறோம்? இவையும் பள்ளியில் கற்பிக்க வேண்டிய பாடங்களே என்று செய்து காட்டியவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

இவர் இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்னும் ஊரில் 1870 ஆகஸ்ட் 31இல் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த அக்காலத்தில், எதிர்ப்புகளைத் தாண்டி 1896இல் ரோமாபுரியில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளிடையே பணிபுரிந்தபோது, அவர்களுக்கு மருந்தைவிட நல்ல கல்வியே தேவை என உணர்ந்தார்.

1907 ஜனவரி 6, மூன்று ராசாக்கள் திருநாள். அன்று ரோமாபுரியின் சான் லோரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் அம்மையாரின் பொறுப்பில் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றித் திரிந்த சிறுவர் சிறுமியர் ஏறக்குறைய ஐம்பது பேர் அங்கே சேர்ந்தனர்.

ஒரு நாள் அம்மையார் அவர்களுக்கு மூக்கைச் சிந்தும் முறையைக் கற்பித்தார். கைக்குட்டையைப் பிறர் அறியாமல் எடுத்து, ஓசையின்றித் துடைத்துக் காட்டினார். குழந்தைகள் சிரிக்கவில்லை. கூர்ந்து கவனித்தனர், முடிவில் கைதட்டி ஆரவாரித்தனர். அம்மையார் வியந்தார். பிறகுதான் காரணம் விளங்கியது. மூக்கு ஒழுகுகிறது என்று அவர்களை ஏசியவர் பலர். எப்படித் துடைப்பது என்று அன்போடு சொல்லித் தந்தவர் எவருமில்லை. தங்களையும் மதித்துக் கற்பித்தவருக்கே அந்தக் கைதட்டல்!

அம்மையாரின் வகுப்பில் ஒவ்வொரு கற்கும் கருவியும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும், பறித்தல் ஆகாது. வணங்குதல், வழிவிடுதல், மன்னிப்புக் கேட்டல் ஆகியவற்றையும் குழந்தைகள் பழகினர். மௌனப் பாடமும் உண்டு. எல்லாரும் அசையாது அமர்ந்திருக்க, மெல்லிய குரலில் அழைக்கப்பட்டவர் மட்டும் ஓசையின்றி எழுந்து செல்வார். அடியின்றி, அதட்டலின்றி அடக்கம் வளர்ந்தது.

நம் புதுவையிலிருந்து கடற்கரையோரமாய் வடக்கே சென்றால் சென்னையின் அடையாறு வரும். அங்குள்ள பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, 1939இல் தம் 69ஆம் வயதில் அம்மையார் வந்தார். முதல் பயிற்சி வகுப்பில் ஏறக்குறைய 300 பேர் சேர்ந்தனர். 1940இல் இத்தாலி போரில் இறங்கியது. பகை நாட்டவர் என்று ஆங்கில அரசு மகன் மரியோவைக் காவலில் வைத்தது. அம்மையாரும் சபை வளாகத்தைவிட்டு வெளியே செல்லத் தடை விதித்தது. முதுமையில் வந்த பிரிவு! அவருடைய 70ஆம் பிறந்தநாளன்று மகன் விடுதலையானார். தமக்குத் தடை விதித்த நாட்டின் மீது அம்மையார் கசப்புக் கொள்ளவில்லை. கோடைக்கானலிலும் பிற இடங்களிலும் ஆசிரியர்களைப் பயிற்றுவித்துக்கொண்டே இருந்தார். பொறுமையைப் பாடமாகக் கற்பித்தவர் தம் துன்பத்திலும் அதைக் கைவிடவில்லை.

1952 மே 6இல் ஹாலந்து நாட்டில் அவர் உயிர் நீத்தார்.

அன்புத் தோழியரே, வகுப்பில் ஒருத்தி தவறு செய்தால் நகைப்பது எளிது. அருகே அமர்ந்து சொல்லித் தருவது அரிது. பெற்றோரே, மதிப்பெண் பட்டியலைப் பார்க்கும் அன்று பிள்ளையின் முகத்தையும் சற்றுப் பாருங்கள். ஏசுமுன் கற்பித்தோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். அதுவே அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றி.