பிரிட்டிஷ் படை புறப்பட்டபோது துன் டாக்டர் இஸ்மாயில் கண்ட வழி

கோலாலம்பூர்வாசிகளுக்குத் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் என்றதும் அங்குள்ள சந்தையும் எம்ஆர்டி நிலையமும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயருக்குரியவர் நாட்டின் வெளியுறவுக் கொள்கையின் திசையையே மாற்றியவர் என்பது பலருக்குத் தெரியாது.

1915-இல் ஜொகூர் பாருவில் பிறந்த இஸ்மாயில், மெல்பர்னில் மருத்துவம் படித்தவர். சுதந்திரத்திற்குப் பின் அமெரிக்காவுக்கான நம் முதல் தூதர். பிறகு உள்துறை அமைச்சர். இந்தோனேசியா மோதலில் இறங்கிய காலத்தில் உள்நாட்டுப் பாதுகாப்பு அவர் பொறுப்பில் இருந்தது. அன்று சபா, சரவாக் எல்லைக் காடுகளில் நம் வீரர்களோடு பிரிட்டிஷ், கூர்க்கா, ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களும் நின்று போரிட்டனர்.

மோதல் 1966 ஆகஸ்டில் முடிந்தது. பணநெருக்கடியில் இருந்த லண்டன், 1971 முடிவுக்குள் மலேசியா, சிங்கப்பூரிலிருந்து படைகளை விலக்கிக்கொள்வதாக 1968 ஜனவரியில் அறிவித்தது. செம்பாவாங் கடற்படைத் தளத்தை நம்பியிருந்த இந்தியத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அது சோற்றுக் கவலை. அரசாங்கங்களுக்கோ, இனி யார் துணை என்ற கவலை.

இஸ்மாயில் அப்போது அமைச்சர் அல்ல. உடல்நலக் குறைவால் 1967-இல் பதவி விலகிச் சாதாரண உறுப்பினராக நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்தார். அந்த ஜனவரியிலேயே எழுந்து பேசினார். போகிறவரைப் பிடித்து வைக்க முடியாது. இன்னொரு காவல்காரரைத் தேடுவதும் தீர்வல்ல. தென்கிழக்காசியா நடுநிலை வட்டாரமாக வேண்டும், அதற்குச் சீனா உள்ளிட்ட வல்லரசுகள் உத்தரவாதம் தர வேண்டும், அண்டை நாடுகள் ஒன்றையொன்று தாக்குவதில்லை என்று உடன்பட வேண்டும் என்பதே அவர் யோசனை. சீனாவோடு தூதரக உறவே இல்லாத, கம்யூனிஸ்ட் பயம் அடங்காத காலத்தில் இப்படிப் பேசத் துணிச்சல் வேண்டும். துங்குவின் அரசாங்கம் அதைக் கொள்கையாக ஏற்கவில்லை.

1969 மே 13 கலவரம் அவரை மீண்டும் அமைச்சரவைக்கு இழுத்தது. மறு ஆண்டு துன் ரசாக் பிரதமரானபோது இஸ்மாயில் துணைப் பிரதமரானார்; அவர் யோசனையும் அரசுக் கொள்கையானது. 1971 நவம்பரில் ஆசியான் நாடுகள் ஐந்தும் கோலாலம்பூரில் கூடி, இவ்வட்டாரம் அமைதியும் சுதந்திரமும் நடுநிலையும் கொண்டதாக வேண்டும் என்று பிரகடனம் செய்தன. தாய்லாந்திலும் பிலிப்பீன்ஸிலும் அமெரிக்கத் தளங்கள் இருந்த நேரம் அது. மலேசியாவும் வெறும் பிரகடனத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. அதே மாதம் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூருடன் ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு நடப்புக்கு வந்தது. ஆனால், தாக்குதல் வந்தால் கூடிப் பேசுவோம் என்பதுதான் அதில் உறுதி. படை அனுப்பும் கட்டாயம் இல்லை.

1973 மார்ச்சில் அமெரிக்கப் போர்ப்படைகளும் வியட்நாமை விட்டு வெளியேறின. அதே ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் நாள், துன் ரசாக் வெளிநாட்டில் இருக்க, பிரதமர் பொறுப்பைக் கவனித்துவந்த இஸ்மாயில் மாரடைப்பால் காலமானார். தேசியப் பள்ளிவாசல் வளாகத்தின் வீரர் கல்லறையில் முதலில் அடக்கம் செய்யப்பட்டவர் அவரே. அடுத்த ஆண்டு மே மாதம் துன் ரசாக் பெய்ஜிங் சென்று, சீனாவுடன் தூதரக உறவைத் தொடங்கினார்.