யூடியூப்பில் ஓடும் அந்த வெள்ளைப் பசு யார் எழுதியது? கவிமணியின் கதை

சாப்பிட அடம் பிடிக்கும் குழந்தை கையில் மொபைலைக் கொடுத்தால், பல வீடுகளில் முதலில் வருவது ஒரு வெள்ளைப் பசுவும் அதன் கன்றுக்குட்டியும்தான். தமிழ் ரைம்ஸ் சேனல்களில் அந்தப் பாட்டுக்கு ஆளாளுக்கு ஒரு அனிமேஷன். பாட்டு எல்லோருக்கும் தெரியும். எழுதியவர் யாருன்னு கேட்டால்தான் பலரும் யோசிப்பார்கள்.

அவர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. மணல் ஆலையால் வெளியே தெரிந்த மணவாளக்குறிச்சி இருக்கிற அதே கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். ஊர், சுசீந்திரம் பக்கத்தில் உள்ள தேரூர்.

தமிழ்க் கவிஞர், ஆனால் பள்ளியில் மலையாளமா?

ஆமாம். அவர் பிறந்தது 1876 ஜூலை 27. அப்போது நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அதனால் பள்ளியில் மலையாளம்தான் படித்தார். சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். தமிழைச் சொல்லிக்கொடுத்தவர், அங்கிருந்த திருவாவடுதுறை மடத்தின் சாந்தலிங்கத் தம்பிரான்.

பிறகு வாத்தியார் வேலை. கோட்டாறு, நாகர்கோவில், திருவனந்தபுரம் என 30 ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் இருந்தார். 1931-ல் ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான புத்தேரியில் தங்கினார். அந்தக் குழந்தைப் பாட்டுகளுக்குப் பின்னால் இருப்பது இந்த வகுப்பறை அனுபவம்தான்.

அந்தப் பாட்டில் என்ன ஸ்பெஷல்?

கவனித்தால் ஒரு விஷயம் புரியும். அதில் அறிவுரையே கிடையாது. அன்பாக இரு, அடிக்காதே என்று எங்கேயும் வராது. பசு மேய்கிறது, கன்று துள்ளுகிறது, பசு கூப்பிடுகிறது, கன்று ஓடி வந்து பால் குடிக்கிறது. அவ்வளவுதான்.

குழந்தையை உட்காரவைத்து ஒரு உயிரைப் பார்க்கச் சொல்கிறார். நின்று பார்த்த உயிரின் மேல் கல்லெறிய மனசு வராது. இன்று 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று தனி வகுப்பு எடுக்கிறார்களே, அதன் முதல் பாடமும் இதுதான்: அவசரப்படாமல் கவனிப்பது. நொடிக்கொரு கட், காது கிழியும் மியூசிக் என்று வரும் அனிமேஷன்கள் கோட்டை விடுவதும் இதைத்தான்.

குழந்தைகளுக்கு மட்டும்தான் எழுதினாரா?

இல்லை. இரண்டு நூல்களைப் பார்த்தாலே போதும்.

முதலாவது, நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம். அப்போது நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் ஒரு ஆணின் சொத்து அவருடைய அக்கா, தங்கை பிள்ளைகளுக்குத்தான் போகும். கணவர் இறந்தால் மனைவியும் சொந்தப் பிள்ளைகளும் நடுத்தெருவில் நிற்க வேண்டிய நிலை. கவிமணி கோபமாகத் திட்டவில்லை. ஒரு காரணவரின் ஐந்தாவது மனைவி தன் கதையைச் சொல்வதுபோல எழுதினார். படித்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தபிறகு சங்கடப்பட்டார்கள். சமூகத்துக்குள் ஏற்கெனவே எழுந்திருந்த எதிர்ப்புக்கு இது பலம் சேர்த்தது. 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து, மனைவி மக்களுக்கும் சொத்தில் உரிமை கிடைத்தது.

இரண்டாவது, 1941-ல் வந்த ஆசிய ஜோதி. எட்வின் ஆர்னால்டு ஆங்கிலத்தில் எழுதிய புத்தர் வரலாற்றைத் தழுவியது. யாகத்துக்குப் பலியாகப் போகும் மந்தையில் நடக்க முடியாத ஆட்டுக்குட்டியைப் புத்தர் தூக்கிச் சுமக்கும் காட்சி இதில் வரும். வெயிலில் மயங்கிக் கிடக்கும் புத்தருக்குப் பால் கொடுக்க ஓர் ஏழைச் சிறுவன் தயங்கும் காட்சியும் வரும். தொட்டால் தீட்டு என்று அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். திருவிதாங்கூர் கோயில்களின் கதவு எல்லாச் சாதியினருக்கும் திறந்ததே 1936-ல்தான். ஐந்தே வருடத்தில் இந்தக் காட்சியைப் படித்தவர்களுக்கு அது பழங்கதையாகத் தெரிந்திருக்காது.

'கவிமணி' பட்டம் எப்போது?

1940-ல், சென்னை பச்சையப்பன் கல்லூரியில் நடந்த மாநாட்டில். கொடுத்தவர் தமிழ்வேள் உமாமகேசுவரனார். குழந்தைப் பாட்டுகள் உள்ள மலரும் மாலையும் தொகுப்பு அதற்கு முன்பே, 1938-ல் வந்துவிட்டது. பாட்டோடு நிற்காமல் கல்வெட்டு ஆராய்ச்சியும் செய்தார்.

1954 செப்டம்பர் 26-ல் மறைந்தார். இரண்டு வருடம் கழித்து, 1956 நவம்பர் 1-ல்தான் அவருடைய ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்த நாளை அவர் பார்க்கவில்லை. 2005-ல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

இப்போது நாம் என்ன செய்யலாம்?

அடுத்தமுறை அந்த வீடியோ ஓடும்போது குழந்தைக்கு எழுதியவர் பெயரையும் சொல்லிக்கொடுங்கள். முடிந்தால் மொபைலை வைத்துவிட்டு, தெருவில் நிற்கும் நிஜப் பசுவை ஐந்து நிமிடம் சேர்ந்து பாருங்கள். கவிமணி வாத்தியார் கொடுத்த ஹோம்வொர்க் அதுதான்.