கல்தச்சர் மகன் கண்ட கணக்கு

(பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

கணக்கு என்றாலே எனக்குக் காய்ச்சல் வரும். இயற்பியல் வகுப்பில் சேர்ந்த பின்னும் அது முழுதாக விட்டபாடில்லை. சென்ற ஆண்டு என் அக்காவுக்கு ஸ்கேன் எடுத்தபோது, வயிற்றிலிருந்த பிள்ளையின் இதயத் துடிப்பு குதிரைக் குளம்படிபோல் கருவியில் கேட்டது. அந்த ஒலி எங்கிருந்து வந்தது என்று தேடியபோதுதான் கிறிஸ்டியன் டாப்ளரின் வாழ்க்கையை அறிந்தேன். அதுவரை அவர் எனக்கு ஒரு சமன்பாட்டின் பெயர் மட்டுமே.

இன்று ஆஸ்திரியாவிலுள்ள சால்ஸ்பர்க் நகரில், 1803-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள், கல்தச்சர் குடும்பத்தில் டாப்ளர் பிறந்தார். பரம்பரைத் தொழிலுக்கு அவருடைய மெலிந்த உடல் இடந்தரவில்லை. உளி பிடிக்க முடியாத பிள்ளை படிக்கப் போனார். வியன்னாவில் கணிதம் பயின்றார். அங்கே உதவியாளராக இருந்த காலம் முடிந்ததும் நிலையான வேலை கிடைக்கவில்லை. நூற்பாலை ஒன்றில் கணக்கெழுதிப் பிழைத்தார். 1835-இல் மனம் வெறுத்து, இருந்த பொருள்களை விற்றுவிட்டு அமெரிக்கா செல்லத் துணிந்த வேளையில், பிராக் நகரப் பள்ளி ஒன்றிலிருந்து ஆசிரியர் வேலைக்கு அழைப்பு வந்தது. என் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆதலால் இந்த இடத்தைப் படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

பிராக்கிலேயே பின்னர் தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியரானார். தேர்வில் மிகவும் கடுமை காட்டுகிறார் என்று மாணவர்கள் அவர்மீது புகார் கொடுத்ததும் உண்டு!

1842 மே 25-ஆம் நாள், இரட்டை விண்மீன்களின் நிறம் பற்றி அவர் ஒரு கட்டுரை வாசித்தார். அலையை எழுப்பும் பொருள் நம்மை நெருங்கினால் அதிர்வெண் கூடித் தோன்றும். விலகினால் குறைந்து தோன்றும் என்பதே அதன் சாரம். 1845-இல் ஹாலந்தில் பைஸ் பாலட் என்ற அறிஞர், ஓடும் ரயிலில் ஊதுகுழல் கலைஞர்களை ஏற்றி, ஒலியில் இது உண்மையே என்று காட்டினார்.

ஆனால் விண்மீன்களின் நிறத்துக்கே இயக்கம்தான் காரணம் என்று டாப்ளர் கருதியது தவறு. ஏன் என்பதற்கு விகிதம் தெரிந்தால் போதும். நொடிக்கு 17 மீட்டர் ஓடும் ரயில், நொடிக்கு 340 மீட்டர் செல்லும் ஒலியின் வேகத்தில் 20-இல் ஒரு பங்கு. காது இந்த மாற்றத்தை அறியும். நொடிக்கு 30 கிலோமீட்டர் செல்லும் விண்மீனோ, ஒளியின் வேகத்தில் 10,000-இல் ஒரு பங்குதான். கண்ணுக்கு நிறம் மாறாது.

அதே விகிதம்தான் ஸ்கேன் கருவியிலும் இருக்கிறது. மீயொலி உடலின் மென்திசுக்களில் நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் செல்கிறது. அதிர்வெண் 5 மெகாஹெர்ட்ஸ், அதாவது 50 இலட்சம் அதிர்வுகள் என்க. குருதி நொடிக்கு 0.77 மீட்டர் ஓடினால், அது 1540-இல் 2000-இல் ஒரு பங்கு. ஒலி போய்த் திரும்புவதால் 2-ஆல் பெருக்க வேண்டும். ஒலிக்கற்றைக்கும் குருதியோட்டத்துக்கும் இடையே 60 பாகை சாய்வு இருந்தால் கொசைன் மதிப்பு அரை. அதனாலும் பெருக்க வேண்டும். 50 இலட்சத்தை 2000-ஆல் வகுத்து, 2-ஆலும் அரையாலும் பெருக்கினால் 2500 ஹெர்ட்ஸ். இது காதுக்குக் கேட்கும் ஒலி! சாய்வு 90 பாகையானால் கொசைன் சுழியம். குருதி ஓடிக்கொண்டிருந்தாலும் இந்த முறையில் ஓட்டம் தென்படாது. பத்தாம் வகுப்பில் நாம் மனப்பாடம் செய்த அட்டவணைக்கு இவ்வளவு பொருள் இருக்கிறது, நண்பர்களே!

1850-இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தின் புதிய இயற்பியல் நிலையத்துக்கு டாப்ளர் இயக்குநரானார். மரபியலுக்கு வித்திட்ட மெண்டல் அங்கே பயின்றவர். ஆனால் நுரையீரல் நோய் முற்றி, 1853 மார்ச் 17-ஆம் நாள் வெனிஸ் நகரில், 49 வயதில் டாப்ளர் மறைந்தார். ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, 1950-களில், ஜப்பானின் ஒசாகாவில் சத்தோமுரா என்ற ஆய்வாளர் அவருடைய விளைவை மீயொலியோடு இணைத்து இதயத்தின் அசைவை அறிந்தார்.

விண்மீனைப் பற்றிப் போட்ட கணக்கு மனித இதயத்துக்குப் பயன்படும் என்று டாப்ளர் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார். அக்காவின் மகளுக்கு இப்போது எட்டு மாதம். அவளைத் தூக்கும்போதெல்லாம் எனக்குக் கொசைன் அறுபது நினைவுக்கு வருகிறது. காய்ச்சலும் கொஞ்சம் தணிந்திருக்கிறது.