அடிமையாய்ப் பிறந்து பேராயராய் உயர்ந்த ரிச்சர்ட் ஆலன்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில், கடல் கடந்த அமெரிக்க நாட்டில் வாழ்ந்து மறைந்த ஒரு மெதடிஸ்த போதகரைப் பற்றி எழுதுவது ஏன் என இளைஞர்கள் வினவக்கூடும். பிறப்பின் பெயரால் ஒதுக்கப்பட்ட மக்கள் தமக்கென ஓர் இடத்தையும் பள்ளியையும் எவ்வாறு தேடிக்கொண்டனர் என்பதை அப்பெரியாரின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

ரிச்சர்ட் ஆலன் 1760-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் அடிமைக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே டெலவர் பகுதியைச் சேர்ந்த ஸ்டோக்லி ஸ்டர்ஜிஸ் என்னும் பண்ணையாளருக்குக் குடும்பத்துடன் விற்கப்பட்டார். பின்னர் கடன் நெருக்கடியால் அவருடைய தாயையும் உடன்பிறந்தோர் சிலரையும் அப்பண்ணையாளர் வேறிடத்துக்கு விற்றார். அத்துயரச் சூழலில், பதினேழாம் வயதில், மெதடிஸ்த போதகர்களின் அருளுரையால் ஆலன் மனந்திரும்பினார். சமயம் அடிமைகளைச் சோம்பேறிகளாக்கும் எனப் பிறர் ஏளனம் செய்தபோது, அவரும் அவர் சகோதரரும் முன்னிலும் மிகுதியாக உழைத்துக் காட்டினர். பின்னர் ஒரு போதகரின் அடிமைமுறைக் கண்டனம் பண்ணையாளரின் மனச்சான்றைத் தொட்டது. 2,000 டாலர் தந்து விடுதலை பெறலாம் என அவர் இசைந்தார். ஆலன் விறகு வெட்டியும், செங்கற்சூளையில் உழைத்தும், உப்பு வண்டி ஓட்டியும் பொருளீட்டி, 1783-இல் தம்மைத் தாமே மீட்டுக்கொண்டார்.

ஊர் ஊராக நடந்து அருளுரை ஆற்றிய அவர் 1786-இல் பிலடெல்பியா நகரை அடைந்தார். புனித ஜார்ஜ் ஆலயத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு உரையாற்றும் பணி அவருக்குக் கிடைத்தது. அவ்வுரையைக் கேட்கக் கறுப்பின மக்கள் பெருகினர். மக்கள் பெருகவே பாகுபாடும் தலைதூக்கியது. ஒருநாள், முழந்தாளிட்டுச் செபித்துக்கொண்டிருந்த அவருடைய நண்பர் அப்சலம் ஜோன்ஸைப் பிடித்து இழுத்து எழுப்ப முயன்றனர். செபம் முடியும்வரை பொறுக்குமாறு அவர் வேண்டியும் கேட்டாரில்லை. செபம் முடிந்தவுடன் கறுப்பின மக்கள் அனைவரும் ஒருங்கே வெளியேறினர்.

வெளியேறியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை என்பதை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். ஆலன் தாம் வாங்கிய மனைக்குப் பழைய கொல்லுப்பட்டறை ஒன்றைக் குதிரைகள் பூட்டி இழுத்துவந்து, அதையே ஆலயமாக்கினார். 1794-இல் அது பெத்தேல் ஆலயமாகப் படைக்கப்பட்டது. மறுஆண்டே 60 பிள்ளைகளுக்குப் பகற்பள்ளி தொடங்கினார். 1804-இல் கறுப்பினச் சிறாரின் கல்விக்கெனத் தனிச் சங்கமும் கண்டார். போதகப் பணி ஆற்றியவாறே காலணி தைக்கும் தொழிலாலும் பிற தொழில்களாலும் தம் குடும்பத்தைக் காத்தார். தோலைத் தொட்ட கை திருமறையைத் தொடலாகாது என்று சொல்ல அங்கு எவருக்கும் இடமில்லாமற் போயிற்று.

1793-இல் மஞ்சள் காய்ச்சல் பிலடெல்பியாவைச் சூறையாடியது. கறுப்பினத்தவரை அந்நோய் தாக்காது என்ற தவறான நம்பிக்கையில் அவர்களது உதவி கோரப்பட்டது. தம்மை அவமதித்த நகரென்று பாராமல், ஆலனும் ஜோன்ஸும் மக்களைத் திரட்டி நோயாளிகளைப் பேணினர். இறந்தோரை அடக்கம் செய்தனர். ஆலனும் நோயுற்றுப் பிழைத்தார். பின்னர் அம்மக்கள்மீது கொள்ளைப் பழி சுமத்தப்பட்டபோது, இருவரும் வரவு செலவுக் கணக்குடன் நூல் வெளியிட்டு அப்பழியைத் துடைத்தனர். எழுத்தறிவு தன்மானத்தின் காவல் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பெத்தேல் ஆலயத்தின்மீது உரிமை கொண்டாடியோருடன் ஆலன் பல்லாண்டு வழக்காடினார். தாம் எழுப்பிய ஆலயம் 1815-இல் ஏலத்துக்கு வந்தபோது, 10,000 டாலருக்கு மேல் கேட்டு அதை மீட்டார். 1816-இல் ஆப்பிரிக்க மெதடிஸ்த எப்பிஸ்கோப்பல் திருச்சபை உருவாகி, அதன் முதற் பேராயராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். தப்பிவந்த அடிமைகளுக்கு அவரும் துணைவியார் சாராவும் அடைக்கலம் அளித்தனர். 1831 மார்ச் 26-ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் வாங்கிய அதே மனையில் இன்றும் பெத்தேல் ஆலயம் நிற்கிறது. அவரது உடலும் அங்கேயே துயில்கிறது.

இளைஞர்களே! தம் விடுதலைக்கும் விலை கொடுத்து, தாம் கட்டிய ஆலயத்துக்கும் விலை கொடுத்த அப்பெருந்தகை, தம் மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வியைத் தேடித் தந்தார். நமக்கு முன்னோர் தேடித்தந்த கல்வியும் விலையின்றி வந்ததன்று. அதனைப் பெற்ற நாம், அடுத்து வருவோருக்கு ஒரு படியேனும் அமைத்துச் செல்வோமாக.