ஷேக்ஸ்பியரைத் தமிழில் ஆராய்ந்த துறவி

இலங்கையில் மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவு என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1892-ம் ஆண்டு சாமித்தம்பி-கண்ணம்மை தம்பதிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மயில்வாகனன் என்று பெயரிட்டார்கள். அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் விபுலானந்த அடிகள் என்று புகழ் பெற்றது.

மயில்வாகனன் தமிழையும் விஞ்ஞானத்தையும் சேர்த்துப் படித்தார். 1916-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் வெற்றி பெற்றார். 1920-ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டம் பெற்றார். ஆசிரியராக வேலை பார்த்தார். 1922-ல் அந்த வேலையை விட்டு, சென்னை மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924-ல் துறவியானார்.

மதுரையில் பிறந்த நூல்

அந்தக் காலத்தில் ஷேக்ஸ்பியர் நாடகங்களைக் கல்லூரியில் ஆங்கிலத்தில் படிப்பார்கள், ஆங்கிலத்திலேயே ஆராய்வார்கள். தமிழின் பழைய நாடக இலக்கண நூல்களோ அழிந்துபோயிருந்தன. சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையில் சில குறிப்புகளே எஞ்சியிருந்தன.

அந்தக் குறிப்புகளை அடிகள் கையில் எடுத்தார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் அவர் நாடகம் பற்றிப் பேசிய பேச்சு விரிந்து, 1926-ல் நூலாக வெளிவந்தது. பெயர் 'மதங்க சூளாமணி'. மதங்கர் என்றால் கூத்தர். சூளாமணி என்றால் தலையில் அணியும் மணி. கூத்தருக்கெல்லாம் மணிமுடி போன்றவர் ஷேக்ஸ்பியர் என்பது கருத்து. அவருடைய 12 நாடகங்களை அடிகள் அதில் தமிழில் ஆராய்ந்தார்.

விதை முதல் அறுவடை வரை

பழந்தமிழ் உரை, நாடகத்தின் வளர்ச்சியை ஒரு பயிருக்கு ஒப்பிடுகிறது. விதை முளைப்பது முகம். நாற்றாவது பிரதிமுகம். கதிர் கருக்கொள்வது கருப்பம். முற்றுவது விளைவு. அறுத்து உண்பது துய்த்தல். போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலைச்சரிவில் ஏலம் பயிரிடுவோருக்கும் இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்.

'மாக்பெத்' நாடகத்தை இப்படிப் பார்க்கலாம். அரசனாவாய் என்று சூனியக்காரிகள் சொன்னதும் மாக்பெத் மனத்தில் ஆசை விதை விழுகிறது. அரசனைக் கொல்லும்போது அது நாற்றாகிறது. நண்பனையும் கொல்லச் செய்யும்போது பாவம் கருக்கொள்கிறது. பகைவர்கள் திரளும்போது முற்றுகிறது. கடைசியில் வாளுக்கு இரையாகி, தான் விதைத்ததைத் தானே அறுக்கிறான்.

கதையைச் சொல்வது வேறு. நாடகத்தை ஆராய்வது வேறு. ஆராய்ந்து எழுதும் மாணவர் ஒரு பத்தியில் ஒரு கருத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் அதைச் சொல்ல வேண்டும். பிறகு நாடகத்திலிருந்து சான்று காட்ட வேண்டும். அது எங்கே கொண்டு போய் விடுகிறது என்று முடிக்க வேண்டும்.

அழியாத பணி

அடிகள் 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பழந்தமிழ் யாழைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 'யாழ் நூல்' எழுதினார். அது 1947-ல் அரங்கேறியது. அதே ஆண்டு ஜூலை 19-ந் தேதி அவர் காலமானார்.

எந்த நாட்டு நாடகத்தையும் தமிழ் அளவுகோல் கொண்டு அளக்கலாம் என்று அவர் செய்து காட்டினார்.